பன்னிரண்டாம் எண் வீசிய பந்து

ஹோலிஸ் பார்னெட்டின் வலது கையை மேசைமேல் விரித்துவைத்து, கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனிவரை அளந்தார்கள். ஒன்பது அங்குலத்துக்கு எட்டில் ஒரு பங்கு குறைந்தது. அளந்தவர் அதை உரக்கச் சொன்னார். மேடைக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்திருந்த இருநூறு பேர் குறித்துக்கொண்டார்கள். அவர்களில் யாரோ ஒருவர், சாவு வீட்டு வாசலில் நிற்பவரைப் போல, "அடடா" என்றார்.

ஹோலிஸ் உள்ளாடையோடு நின்றிருந்தான். அந்தக் கையால்தான் அவன் நான்கு வருடம் கல்லூரி அணிக்குப் பந்து வீசினான். அமெரிக்கக் கால்பந்தில் பந்தை வீசும் குவார்ட்டர்பேக்குக்கு வேறு வேலை இல்லை. எட்டுப் பேர் தன்மேல் விழ ஓடிவரும்போது நின்று, யோசித்து, வீச வேண்டும். அவன் ஒன்பதாயிரம் கெஜத்துக்குமேல் வீசியிருந்தான். அத்தனையையும் ஒரு குறைப்பட்ட கையால் வீசியிருக்கிறோம் என்பது இண்டியானாபொலிஸுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

ஒவ்வொரு பிப்ரவரி முடிவிலும் முப்பத்திரண்டு தொழில்முறை அணிகளும் அந்த ஊரில் கூடி, கல்லூரியை முடித்த முந்நூறு பையன்களை ஒரு வாரம் பரிசோதிக்கும். ஏப்ரலில், அணிகள் முறைவைத்து ஆளெடுக்கும் டிராஃப்டில் யாரை எடுப்பது, யாரை விடுவது என்பதற்காக. முகாமின் தலைவர் முதல் நாளே வரவேற்புரை நிகழ்த்தியிருந்தார்.

"இங்க நீங்க யாரும் வெறும் எண் இல்லை," என்றார் அவர். "அதை நீங்க மறந்துடக் கூடாதுன்னுதான் ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண்ணைக் கொடுத்து, நெஞ்சுல பெரிசா அச்சடிச்சிருக்கோம். உங்க மனசுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்க ஆசைப்படறோம். அதுக்குப் பதினெட்டு நிமிஷம் ஒதுக்கியிருக்கோம்."

பையன்கள் கைதட்டினார்கள். கைதட்டல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைப் பின்வரிசையில் ஒருவர் குறித்துக்கொண்டார்.

மருத்துவப் பரிசோதனையில் ஹோலிஸின் இடது முழங்காலை எட்டு அணிகளின் மருத்துவர்கள் ஒருவர்பின் ஒருவராகத் திருகிப் பார்த்தார்கள். வந்தபோது நன்றாக இருந்த முழங்கால், ஒன்பதாவது மருத்துவர் தொட்டபோது வலித்தது. "வலி இருக்கு" என்று அவர் எழுதினார். அதுவரைக்கும் ஹோலிஸுக்கு இவையெல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தன. ஐயோவாவில் பள்ளிப் பேருந்து ஓட்டும் அம்மா டார்லீனுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சிரிக்கவும் செய்தான்.

சிரிப்பு நின்றது முதல் நேர்காணலில்.

சின்ன அறை. ஐந்து ஆண்கள். சுவரில் திரை. "உக்காரு தம்பி," என்றார் ஒருவர். "ஒரு படம் போடறோம். என்ன நடந்துச்சுன்னு சொல்லு."

திரையில் மழை பெய்தது. சிவப்புச் சட்டை, பன்னிரண்டாம் எண். ஹோலிஸின் கல்லூரிதான், ஹோலிஸின் எண்தான். தலைக்கவசத்துக்குள் முகம் தெரியவில்லை. பன்னிரண்டாம் எண்காரன் பின்னால் நகர்ந்து, இடது ஓரத்துக்கு நீளமாக ஒரு பந்தை வீசினான். அங்கே எதிரணிக்காரன் ஒருவன் தனியாக நின்று, வீட்டு வாசலில் செய்தித்தாளை எடுப்பதுபோல அதை எடுத்துக்கொண்டு ஓடினான்.

"சார், இது நான் இல்ல," என்றான் ஹோலிஸ்.

"பன்னெண்டு உன் நம்பர்தானே?"

"ஆமா சார். ஆனா..."

"உன் காலேஜ்தானே?"

"ஆமா. ஆனா அந்த ஸ்டேடியத்தையே இடிச்சுட்டாங்க சார். அப்ப எனக்குப் பத்து வயசு."

ஐவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நடுவில் இருந்தவர் பேனாவைத் திறந்தார். அவர் எழுதியது தலைகீழாக இருந்தாலும் ஹோலிஸால் படிக்க முடிந்தது. *மைதானத்தின்மேல் பழி போடுகிறான்.*

அடுத்த அறையிலும் அதே மழை. அதற்கடுத்த அறையிலும். மூன்றாவது அறையில் அவன் தன் பிறந்த தேதியைச் சொல்லிக் கணக்குப் போட்டுக் காட்டினான். *வயதைக் காரணம் காட்டுகிறான்* என்று எழுதினார்கள்.

என்ன நடந்தது என்பதை அவனுடைய முகவர் ரோண்டா கிரீலி மதியத்துக்குள் கண்டுபிடித்தாள். எல்லா அணிகளும் பார்க்கிற பொதுக் கோப்பில் ஒவ்வொரு பையனுக்கும் 'யாரைப் போல?' என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட முடியாது. முன்பு ஆடிய ஒருவனின் பெயரை எழுதியே ஆக வேண்டும். யாரையும் போல இல்லாத ஒருவனைக் கோப்பு ஏற்றுக்கொள்ளாது. ஹோலிஸின் கட்டத்தில் டேனி வோஸ் என்று எழுதியிருந்தார்கள். பதினான்கு வருடத்துக்குமுன் அதே கல்லூரியில் பன்னிரண்டாம் எண் அணிந்தவன். எப்படிப்பட்டவன் என்று காட்டுவதற்காக யாரோ வோஸின் அந்த ஒரு வீச்சை இணைத்திருக்கிறார்கள். இணைத்த பிறகு அதிலிருந்த பெயர்ச்சீட்டு விழுந்துவிட்டது.

"அப்ப திருத்தச் சொல்லுங்க," என்றான் ஹோலிஸ்.

"சொன்னேன். ஜூன் மாசம் திருத்துவாங்களாம்."

"டிராஃப்ட் ஏப்ரல்லதானே?"

"அதனாலதான் ஜூன்." ரோண்டா சாப்பாட்டுத் தட்டிலிருந்த ஒரு இறாலைக் காரச் சாற்றில் தோய்த்து வாயில் போட்டாள். அந்த ஊர்க் காரம் மூக்கில் ஏறி அவள் கண்ணில் நீர் கட்டியது. அனுதாபமாகப் பேச அது வசதியாக இருந்தது. "இங்க பாரு கண்ணா. அந்த ஆளுங்களுக்கு அந்தப் பந்து முக்கியமில்ல. பந்து போனா குவார்ட்டர்பேக் என்ன சொல்லணும்?"

"என் தப்பு."

"உன்னோட பத்து வயசுல இருந்து எல்லாக் கோச்சும் சொல்லிக் கொடுத்தது அதுதானே? மைக்கை நீட்டினா 'என் தப்பு'. அதை ஒரு தடவை சொல்லிடு. செத்தவன் வந்து வழக்கா போடப்போறான்?"

"செத்துட்டாரா?"

ரோண்டா வாயைத் துடைத்துக்கொண்டாள். "மூணு சீசன் ஆடினான். எங்க போனாலும் அந்தப் பந்தைத்தான் கேட்டாங்க. அப்புறம் யாரும் எடுக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு விஸ்கான்சின்ல, மார்ச் மாசம், உறைஞ்ச ஏரி உருகற நேரத்துல, பனி மேல கூடாரம் போட்டு மீன் பிடிக்கப் போனான். கூடாரம் மட்டும் கிடைச்சுது. விபத்துன்னு எழுதினாங்க."

நான்காவது அறையில் படம் முடிந்ததும் ஹோலிஸ் சொன்னான். "என் தப்பு சார்."

அறையே தளர்ந்து உட்கார்ந்தது. விருந்து முடிந்து இடுப்புவாரைத் தளர்த்துகிறவர்களின் முகம் எல்லாருக்கும். பயிற்சியாளர் ஒருவர் எழுந்துவந்து தோளைத் தட்டினார். "இதுதான் ஆம்பள. சரி, ஏன் வீசின? அப்ப மனசுல என்ன ஓடிச்சு?"

இதற்கு அவன் தயாராக வரவில்லை. ஆனாலும் வாய் திறந்தது. "மழை முகத்துல சாய்வா அடிச்சுது. பின்காலுக்குக் கீழ புல் பேந்துருச்சு. ஆனாலும் எங்க ஆளு அங்க வந்துருவான்னு தெரியும். அவன் வந்துருவான்னுதான் வீசினேன்."

"மறுபடி போடு," என்றார் ஒருவர். போட்டார்கள். வீசுகிற நொடியில் பன்னிரண்டாம் எண்ணின் வலது காலுக்கடியில் ஒரு பிடி புல் மண்ணோடு பெயர்ந்து விழுந்தது. அதுவரைக்கும் அதை ஹோலிஸ் பார்த்திருக்கவில்லை. பார்த்திருந்து, பார்த்தது தெரியாமல் இருந்திருக்கலாம். அவன் அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டான். வெளியே வந்தபோது விரல்கள் விறைத்திருந்தன. விடுதிக்கும் மைதானத்துக்கும் இடையில் கண்ணாடி நடைபாலம் இருந்தது. குளிர் காற்று அவன்மேல் பட வழியே இல்லை.

அதன்பிறகு எல்லாம் நன்றாக நடந்தது. அதுதான் அவனைப் பயமுறுத்தியது. அறை அறையாகப் போய்ச் செத்துப்போன ஒருவனின் தவறை ஒப்புக்கொண்டான். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் எளிதாக வந்தது. சொல்லும்போது அவன் தலை தானாகக் குனிந்தது. செய்யாத தவறுக்கு இத்தனை வெட்கம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்தான். ஒருவேளை வெட்கத்துக்கு யார் செய்தார்கள் என்பது முக்கியமில்லையோ? யாராவது ஒருவர் உள்ளே இடம் கொடுத்தால் அதற்குப் போதுமோ?

ஒரு அணியின் புள்ளியியல் நிபுணர் அவனுக்கு ஒரு வரைபடத்தைக் காட்டினார். "நீயும் வோஸும் எண்பத்திரண்டு சதவீதம் ஒத்துப்போறீங்க."

"மீதிப் பதினெட்டு சார்?"

"அதைத்தான் நாங்க பிழைன்னு கழிச்சுடறோம்."

இன்னொரு அணியின் மனநல ஆலோசகர், மென்மையான குரல்காரர், அவனிடம் எட்டு கேள்விகள் கேட்டார். ஆறாவது, "உனக்கு ஏரி பிடிக்குமா?"

"சின்ன வயசுல நீந்துவேன் சார்."

"குளிர்காலத்துல?"

ஹோலிஸ் குனிந்து தரையைப் பார்த்தான். காலுக்கடியில் ஏதோ மெல்ல விரிசல்விடும் ஓசை கேட்டது. அறையைச் சூடாக்கும் குழாயாக இருக்க வேண்டும். ஆலோசகர் கனிவாகச் சிரித்தார். "பயப்படாத. ஒத்துப்போற ஆளோட முடிவையும் பாத்துக்கணும்னு அணி முதலாளி சொல்றார். முதலீடு பாரு." *ஏரி: மிதமான ஆபத்து* என்று எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலை ரோண்டா துள்ளிக்கொண்டு வந்தாள். "கடைசி அறை லுண்டீன். ப்ராக் லுண்டீன், அணிக்கு ஆளெடுக்கற மேலாளர். அந்த அணிக்குக் குவார்ட்டர்பேக் இல்ல. உன்னை முதல் நாள்லயே எடுக்கலாம்னு பேச்சு. மத்தவங்க எல்லாம் அவர் என்ன செய்யறார்னு பாத்துட்டுத்தான் செய்வாங்க. காரணத்தை இன்னும் அழகா சொல்லு. படத்தை அனுப்பியிருக்கேன், நல்லாப் பாத்துட்டு வா."

அவன் பார்த்தான். விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து, கையிலிருந்த கணினியில், ஒரு காலைப்பொழுது முழுக்க. பன்னிரண்டாம் எண்ணையே பார்த்துப் பார்த்துச் சலித்தபோது, கண் தானாகத் திரையின் ஓரத்துக்குப் போனது. அங்கே இன்னொரு சிவப்புச் சட்டை ஓடிக்கொண்டிருந்தது. எண்பத்து நான்கு. பந்தை வாங்க வேண்டியவன். நேராக ஓடி இடது ஓரத்துக்குத் திரும்ப வேண்டியவன். திரும்புவதற்கு இரண்டு எட்டு முன்னால் அவன் நின்றான். யாரும் இடிக்கவில்லை, வழுக்கவில்லை. மழைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு, அவ்வளவு போதும் என்பதுபோல நின்றுவிட்டான். பந்து மிகச் சரியாக, அவன் இருந்திருக்க வேண்டிய இடத்தில் வந்து இறங்கியது.

ஹோலிஸ் பதினொரு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தான். இரண்டு எட்டு.

பழைய அணிப் பட்டியல் கைபேசியிலேயே கிடைத்தது. எண்பத்து நான்கு, ப்ராக் லுண்டீன், மூன்றாம் ஆண்டு.

ஹோலிஸ் கைபேசியைக் கவிழ்த்து வைத்தான். ஆட்டம் முடிந்து வோஸ் மைக்குகளுக்கு முன்னால் என்ன சொன்னான் என்று அவன் தேடிப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. குவார்ட்டர்பேக் என்ன சொல்வான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதைப் பெட்ரோல் பங்கில் சொல்லியிருப்பான், முடிதிருத்தும் இடத்தில் சொல்லியிருப்பான், மூன்று அணிகளின் அறைகளில் சொல்லியிருப்பான். எழுதிக்கொள்ள ஆளில்லாத பனிமேலும் சொல்லியிருப்பானோ?

லுண்டீன் பெரிய உடம்புக்காரர். முழங்கால்கள் போய்விட்டதால் எழுந்திருக்கவில்லை, உட்கார்ந்தபடியே கை நீட்டினார். அவருடைய இருபக்கமும் நான்கு பேர். படம் ஓடியது. நால்வரும் திரையைப் பார்த்தார்கள். லுண்டீன் மட்டும் ஹோலிஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். படத்தில் இருப்பது யார் என்று அந்த வாரம் முழுக்க அறிந்திருந்த ஒரே அதிகாரி அவர்தான். ஒரு சொல் சொல்லியிருந்தால் படம் கோப்பிலிருந்து போயிருக்கும். ஆனால் அது வோஸ் என்று சொன்னால், அடுத்து அந்த எண்பத்து நான்கு யார் என்ற கேள்வி வரும்.

"யாரோட தப்பு, தம்பி?"

கேட்ட விதத்தில் அதட்டல் இல்லை. மருந்துக் கடையில் மருந்து கேட்கிறவரின் குரல்.

இரண்டு சொல். அந்த வாரத்தில் பதினைந்து தடவை சொன்னவை. சொன்னால் அம்மா இனி விடியலில் உறைபனியைச் சுரண்டிவிட்டுப் பேருந்தை எடுக்க வேண்டாம். சொன்னால் லுண்டீன் இன்று நன்றாகச் சாப்பிடுவார். யாருக்கும் நட்டமில்லை. நட்டப்படக்கூடியவன் தண்ணீருக்கடியில் போய் ஒன்பது வருடம் ஆகிறது. ஹோலிஸ் வாயைத் திறந்தான். அந்தச் சொற்கள் தொண்டைவரை வந்தன. வேறொருவன் வழியை மறித்து நிற்பதுபோல அங்கேயே நின்றன.

"வீச்சு சரியா இருக்கு சார்," என்றான். "எண்பத்தி நாலு நின்னுட்டான்."

ஓரத்தில் இருந்த இளம் பயிற்சியாளர் நிமிர்ந்தார். "கூட ஆடறவன் மேல பழி போடறியா?"

"படத்தைப் போடுங்க சார். ஓரத்தைப் பாருங்க. ரெண்டு எட்டு."

போட்டார்கள். நால்வரும் முதன்முறையாகத் திரையின் ஓரத்தைப் பார்த்தார்கள். மழையில் ஒருவன் நின்றான். லுண்டீன் மட்டும் திரையின் பக்கம் திரும்பவில்லை. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

ஊதல் ஒலித்தது. பதினெட்டு நிமிடம். ஊதலுக்குப் பிறகு அறையில் யாரும் ஒரு சொல்கூடப் பேசக் கூடாது என்பது விதி. எல்லா அணிகளுக்கும் நியாயமாக இருப்பதற்காக, விதிக் குழுவில் இருந்தபோது லுண்டீனே கொண்டுவந்தது. கதவைத் திறந்து ஒரு ஊழியர் தலைநீட்டினார். லுண்டீன் வாயை மூடிக்கொண்டார்.

"என்னடா பண்ணித் தொலைச்ச?" என்று ரோண்டா நடைபாலத்திலேயே கேட்டாள்.

"உண்மையைச் சொன்னேன்."

"அதுக்கு இந்த ஒரு வாரம்தானா கிடைச்சுது உனக்கு?"

கோப்பு அன்று மாலைக்குள் முழுமையானது. பதினைந்து அறைகளில் தன் தவறு என்றான், நான்கு அறைகளில் தன் தவறு இல்லை என்றான். *நிலையற்றவன்* என்று முடித்தார்கள்.

டிராஃப்ட் மூன்று நாள். முதல் நாள் முப்பத்திரண்டு பெயர்கள். இரண்டாம் நாள் எழுபது. ஐயோவாவில் டார்லீனின் வரவேற்பறையில் அத்தை, மாமா, தங்கை ஜோலி, பக்கத்து வீட்டார் என்று பதினான்கு பேர் மூன்று நாளும் அதே இடங்களில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் பன்றியிறைச்சி உருண்டை. மூன்றாம் நாள் அதன் மிச்சம். சனிக்கிழமை பிற்பகலில், கடைசியான ஏழாம் சுற்றில், பேச்சு வானிலைக்கு வந்துவிட்டிருந்தது.

லுண்டீனின் அணிக்கு முறை வந்தது. தொலைக்காட்சியில் நான்கு நிமிடக் கடிகாரம் ஓடத் தொடங்கியது. அந்த நேரத்துக்குள்தான் அணி தான் எடுக்கப்போகிறவனைக் கூப்பிடும். ஹோலிஸின் கைபேசி அடித்தது.

"அவங்க ஊர் நம்பர்!" என்று ஜோலி கத்தினாள். மாமா விசில் அடித்தார். டார்லீன் பாத்திரம் துடைக்கும் துணியோடு ஓடிவந்து, அதை முகத்தில் பொத்திக்கொண்டு அழுதாள். "நான் சொன்னேன்ல! நான் சொன்னேன்ல!"

ஹோலிஸ் ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டான். "ஹலோ?"

"பார்னெட்டா? லுண்டீன்." அப்பால் பின்னணியில் எந்தச் சத்தமும் இல்லை. அறையில் தனியாக இருக்கிறார். "உன்னை எடுக்கல. முதல்லயே சொல்லிடறேன். எடுக்க முடியாது. தினமும் எப்படி உன் மூஞ்சியைப் பாக்கறது?"

"சரி சார்."

"அன்னிக்கு நல்ல குளிர். தண்ணி தலைக்கவசத்துக்குள்ள வந்துட்டே இருந்துச்சு. பந்து என் பக்கம் வராதுன்னு நெனச்சேன். வேற ஒண்ணும் இல்ல. வேற காரணமே இல்ல. நானும் தேடிப் பாத்துட்டேன்."

டார்லீன் ஹோலிஸின் தோளைக் கட்டிக்கொண்டாள். அத்தை படம் எடுத்தாள்.

"ஆட்டம் முடிஞ்சு டேனி உள்ள வந்து என் பக்கத்துலதான் உக்காந்தான். ஒண்ணும் கேக்கல. துண்டை எடுத்துக் கொடுத்தான், தலையைத் துவட்டுன்னான். அப்புறம் எழுந்து வெளிய போய் எல்லார்கிட்டயும் தன் தப்புன்னான். கதவு திறந்துதான் இருந்துச்சு. எனக்குக் கேட்டுச்சு. நாளைக்குச் சொல்லிடலாம்னு நெனச்சேன்." மூச்சு வாங்கியது. "பதினாலு வருஷமா ஊர்ல எல்லாரும் அந்தப் படத்தைப் பாக்கறாங்க. ஒருத்தன்கூட என்னைப் பாக்கல."

தொலைக்காட்சியில் கடிகாரம் முடிந்தது. அறிவிப்பாளர் ஒரு பெயரைப் படித்தார். டெக்சஸில் வேறொரு வரவேற்பறையில், வேறொரு அம்மா எழுந்து குதித்தாள்.

முதலில் கவனித்தவள் ஜோலி. அவள் திரையைக் கைகாட்டினாள். மாமாவின் விசில் பாதியில் நின்றது. டார்லீனின் கைகள் மகனின் தோளிலேயே இருந்தன, ஆனால் பிடி தளர்ந்திருந்தது. "யாரு ஹோலிஸ்? என்ன சொல்றாங்க?"

கைபேசியில் லுண்டீன், முன்பைவிட இளைய குரலில், "டேனி? இருக்கியா?"

இது ஹோலிஸ், சார் என்று சொல்லலாம். முதல் மூன்று அறைகளிலும் அதைத்தான் சொல்ல முயன்றான். பதினான்கு பேர் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். ஏப்ரல் வெயில் சோள வயல்மேல் காய்ந்துகொண்டிருந்தது. அவன் தலைமுடியிலிருந்து குளிர்ந்த நீர் பின்கழுத்தில் இறங்கியது.

"இருக்கேன்," என்றான். "சொல்லுடா."